எதிரொலியின் கணக்கு

தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்கு இந்த உரையாடல் மறந்திருக்காது.

"தெரியுதாடா?"

"இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... ஆங், ஆங், அப்படியே பிடி... போச்சு!"

கீழே பெட்டியில் செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு. ஒன்று அழுத்தமாக, இன்னொன்று வலப்பக்கம் சற்றுத் தள்ளி, மங்கலாக. கோபுரத்திலிருந்து நேராக வந்த அலை முதல் மூக்கை வரைந்தது. பக்கத்துக் குன்றிலோ தண்ணீர்த் தொட்டியிலோ மோதித் திரும்பிய அதே அலை, கொஞ்சம் பிந்தி வந்து இரண்டாவது மூக்கை வரைந்தது. எவ்வளவு பிந்தியது என்பதை வீட்டுக்குள் உட்கார்ந்தே அளக்கலாம். பழைய தொலைக்காட்சித் திரையில் ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய ஏறத்தாழ 52 மைக்ரோ விநாடி ஆகும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் ஓடும். ஆகவே 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்த அலை, திரை அகலத்தில் 52-ல் ஒரு பங்கு தள்ளி விழும். 40 சென்டிமீட்டர் அகலத் திரையில் அது முக்கால் சென்டிமீட்டர். மூக்கு எவ்வளவு தள்ளி விழுந்தது என்று ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தால், அலை எவ்வளவு சுற்றி வந்தது என்று சொல்லிவிடலாம்.

ரேடியோப் பொறியாளர்கள் நீண்ட காலம் இந்த எதிரொலியைச் சனியனாகத்தான் பார்த்தார்கள். கோபுரத்தை உயர்த்தினார்கள், ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாக்களைச் செய்தார்கள், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மரமோ மலையோ குறுக்கிடாத பாதையைத் தேடினார்கள். 1992-ல் ஒருவர் இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொன்னார். எதிரொலி நிறைந்த இடத்தில்தான் ஒரே அலைவரிசையில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு செய்தியை அனுப்ப முடியும். எதிரொலியே இல்லாத வெட்டவெளியில் அது நடக்காது. இப்படிச் சொன்னவர் அதற்கு முந்தைய ஆண்டு வரை இந்தியக் கடற்படையில் அதிகாரி. பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பிறந்த ஊர் பொள்ளாச்சி.

உங்கள் கையிலுள்ள 4ஜி, 5ஜி அலைபேசிகளும் வீட்டுச் சுவரில் தொங்கும் வைஃபை பெட்டியும் அந்த யோசனையில்தான் ஓடுகின்றன. ரேடியோவையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தலைவலியாக இருந்த ஒன்று, கடலில் வேலை பார்த்தவருக்கு எப்படிச் சொத்தாகத் தெரிந்தது? கடலில் எதிரொலியைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது என்பதில் அதற்கான விடை இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து கடக்வாஸ்லா

பால்ராஜ் பிறந்தது 1944 ஏப்ரல் 14. ஆறு பிள்ளைகள் இருந்த கத்தோலிக்கக் குடும்பம். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்தார். 15 வயதில் கடற்படைக்குத் தேர்வாகி, புணேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போனார். பிறகு லோனாவாலாவில் கடற்படைப் பொறியியல் கல்லூரி. 1966-ல் மின்பொறியாளர்.

கடற்படை அவரை முதுகலைப் படிப்புக்காக டெல்லி ஐஐடிக்கு அனுப்பியது. அங்கே பேராசிரியர் பி.வி. இந்திரேசனின் கண்ணில் பட்டார். பின்னாளில் சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்தவர் இந்திரேசன். இந்தப் பையனை முதுகலையோடு நிறுத்தக் கூடாது, நேரே முனைவர் ஆய்வுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் முனைந்தார். பணியில் இருக்கும் அதிகாரியைக் கணிதக் கோட்பாட்டில் மூழ்கவிட எந்தப் படையும் எளிதில் இசையாது. ஆனாலும் அனுமதி கிடைத்தது.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது மதிப்பீட்டுக் கோட்பாடு. இரைச்சல் கலந்து வரும் சைகையிலிருந்து உண்மைச் சைகை எதுவாக இருந்திருக்கும் என்று கணிக்கும் கணிதம் அது. அந்தத் துறையில் அப்போதே பெரிய பெயர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் கைலாத். புணேயில் பிறந்த மலையாளி. டெல்லியில் அவர் ஆற்றிய உரை, இந்த இளம் அதிகாரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. இருவரின் பாதையும் பின்னர் மீண்டும் சந்திக்கும். அதற்கு முன் ஒரு போர் வந்தது.

கடலுக்கடியில் கேட்பது

1971 டிசம்பர் 9 இரவு, டையூ கரைக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பலை, பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ ஏவி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு இறங்காமல் அதோடு போனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுவே முதல் முறை.

நீர்மூழ்கியைத் தேடிப் போன கப்பல் அது. தேடியவருக்கு முன்னால் தேடப்பட்டவர் கேட்டுவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தின் அறிவியல்தான் அடுத்த பத்தாண்டுகளுக்குப் பால்ராஜின் வேலையானது.

கடல்நீருக்குள் வழக்கமான ரேடியோ அலை சில மீட்டர்கூடத் தாங்காது. ஒளியும் சிறிது தூரத்தில் மங்கிவிடும். ஒலி மட்டுமே தொலைவு போகும். காற்றைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக, விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் போகும். ஆகவே கப்பல் ஒரு ஒலித் துடிப்பை அனுப்பி, எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. எதிரொலி 4 விநாடியில் வந்தால் எதிரே 3 கிலோமீட்டரில் ஏதோ இருக்கிறது. சோனார் என்பதன் அடிப்படை இவ்வளவே.

சிக்கல் அந்த 1,500 என்ற எண்ணில் இருக்கிறது. நீர் சூடானால் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்தால் மெதுவாகும். வேகம் மாறும் இடத்தில் ஒலி வளையும், எப்போதும் வேகம் குறைந்த பக்கமாகவே வளையும். நம் கடல்களில் வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. அடியில் நீர் குளிர்ந்திருக்கிறது. கப்பலிலிருந்து நேராகப் புறப்பட்ட ஒலி கொஞ்ச தூரத்தில் கீழ்நோக்கி மடங்கிவிடும். அதற்கு அப்பால் ஒலியே புகாத ஒரு நிழல் பகுதி உண்டாகும். நீர்மூழ்கித் தலைவனுக்கு அந்த நிழல் ஒரு மரத்தடி மாதிரி. அதில் ஒதுங்கி நின்றால் கப்பலுக்கு அவன் தெரியமாட்டான். கப்பலின் எஞ்சின் இரைச்சலோ நாலாபக்கமும் பரவிக்கொண்டிருக்கும். வட அட்லாண்டிக்கின் குளிர்நீருக்காக உருவான பிரிட்டிஷ் சோனார்களை வைத்துக்கொண்டு, இந்தியக் கடற்படை இந்தக் கடலில் தேடிக்கொண்டிருந்தது.

போர் முடிந்ததும், பழைய 170 வகை சோனாரின் திறனை உயர்த்தும் பணி பால்ராஜிடம் வந்தது. இரைச்சலிலிருந்து சைகையைப் பிரிக்கும் கணிதத்தை ஐஐடியில் கற்றவருக்கு, இரைச்சல் நிறைந்த கருவி கையில் கிடைத்தது. அது கைகூடியதும், பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சில காலம் ஆய்வு செய்துவிட்டு வந்தார். பின்னர் கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல் கடலியல் ஆய்வகத்தில் முழுக்க இந்தியாவிலேயே வடிவமைக்கும் சோனார் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். அதன் பெயர் அப்சோ. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்தது. 1980-களின் தொடக்கத்தில் அது கப்பலேறியது. அடுத்து வந்த இந்தியச் சோனார்களுக்கு அதுவே மூத்த அண்ணன்.

அப்சோ எப்படிக் கேட்கிறது என்பதை உங்கள் காதை வைத்தே சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வலப்பக்கம் ஒருவர் கை தட்டினால் திசை தெரிகிறது. ஒலி வலது காதை எட்டி, ஒரு மில்லி விநாடியில் பாதிக்குச் சற்று மேலான நேரம் கழித்து இடது காதை எட்டுகிறது. மூளை அந்தச் சின்ன இடைவெளியைத் திசையாக மாற்றிக்கொள்கிறது. கப்பலின் அடிவயிற்றிலோ இரண்டு காது போதாது. ஒலியுணரிகள் பலவற்றை வரிசையாக அடுக்குகிறார்கள். ஒரு திசையிலிருந்து வரும் ஒலி ஒவ்வொரு உணரியையும் சற்று முன்னும் பின்னுமாக எட்டும். அந்தத் தாமதங்களைக் கணக்கிட்டு ஈடுசெய்து கூட்டினால், அந்தத் திசையின் ஒலி மட்டும் ஓங்கும். மற்றவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். தாமதத்தை மாற்றினால் வேறு திசை. கருவி அசையவே வேண்டாம். கூட்டல் கணக்கை மாற்றினாலே கப்பலின் காது திரும்பிவிடும்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது, பின்னால் தேவைப்படும். இடம் வேறான பல காதுகள் கேட்பது ஒரே ஒலியைத்தான்; ஆனால் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரியாக. செய்தி அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

அலைவரிசை என்னும் மனை

கதையைக் கொஞ்சம் நிறுத்தி, 1948-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கிளாட் ஷானன், எந்தச் செய்தித்தடத்துக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு என்று நிறுவினார். தடத்தின் அகலமும், இரைச்சலைவிடச் சைகை எத்தனை மடங்கு வலுவானது என்பதும் சேர்ந்து அந்த வரம்பைத் தீர்மானிக்கும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி உதவுவதில்லை. அகலத்தை இரட்டித்தால் கிடைக்கும் செய்தியும் ஏறக்குறைய இரட்டிக்கும். வலுவை இரட்டித்தால் துளிதான் கூடும்.

எண்ணில் பாருங்கள். சைகை இரைச்சலைவிட 1,000 மடங்கு வலுவாக இருந்தால், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 10 பிட் அனுப்பலாம். ஒலிபரப்பியின் சக்தியை இரட்டித்து 2,000 ஆக்கினால் கிடைப்பது 11 பிட். 20 பிட் வேண்டுமென்றால் 10 லட்சம் மடங்காக்க வேண்டும். அதாவது செய்தி இரண்டு மடங்காக, மின்சாரம் ஆயிரம் மடங்காக வேண்டும். அலைபேசியை அந்தச் சக்தியில் ஓட்டினால் பேட்டரியும் தாங்காது, பிடித்திருக்கும் கையும் தாங்காது.

மிச்சம் இருப்பது அகலம், அதாவது அலைவரிசை. அது நிலம் மாதிரி; புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. இந்தியாவில் 2010-ல் 3ஜி அலைவரிசையை ஏலம் விட்டபோது அரசுக்கு ரூ.67,000 கோடிக்கு மேல் வந்தது. தொட்டுப் பார்க்க முடியாத ஒரு மனைக்கு அந்த விலை. இருக்கும் மனையிலேயே மாடி எழுப்ப முடிந்தால்?

இரண்டு வரிச் சமன்பாடு

1983-ல் பால்ராஜ் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் இரண்டு ஆண்டுகள் கைலாத்துடன் வேலை பார்த்தார். கைலாத்தின் மாணவர் ரிச்சர்ட் ராயும் சேர்ந்து, உணரி வரிசையில் வரும் சைகைகளின் திசைகளை நுட்பமாகக் கண்டுபிடிக்கும் எஸ்பிரிட் என்ற கணிப்புமுறையை உருவாக்கினார்கள். இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கும் முறை அது. பிறகு நாடு திரும்பினார். செயற்கை நுண்ணறிவுக்கும் ரோபாட்டிக்ஸுக்குமான மையம் 1986-ல் பெங்களூரில் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர். கணினி வளர்ச்சி மையமான சி-டாக், பாரத் எலெக்ட்ரானிக்ஸின் மத்திய ஆய்வகம் ஆகியவை எழும்பியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1991-ல் கமோடர் பதவியோடு ஓய்வு பெற்றார். அப்போது வயது 47. மறுபடியும் ஸ்டான்ஃபோர்டு.

அங்கே கைலாத் குழு ஆராய்ந்துகொண்டிருந்த கேள்விகளில் ஒன்று: ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலிபரப்பிகள் ஒரே நேரத்தில் பேசினால், ஆன்டெனா வரிசையை வைத்து இரண்டையும் பிரித்தெடுக்க முடியுமா? ஒலிபரப்பிகள் தள்ளித் தள்ளி இருந்தால் முடிந்தது. கிட்டக்கிட்ட இருந்தால் வெட்டவெளியில் பிரிக்கவே முடியவில்லை. ஆனால் சுற்றிலும் பொருள்கள் இருந்து அலைகள் சிதறி வந்தபோது, பிரிப்பது எளிதாகிவிட்டது.

ஏன் என்பதை எட்டாம் வகுப்புக் கணக்காகவே செய்து பார்க்கலாம். ஒரு ஆன்டெனா 'அ' என்ற எண்ணை அனுப்புகிறது. பக்கத்து ஆன்டெனா அதே நொடியில், அதே அலைவரிசையில் 'ஆ' என்ற எண்ணை அனுப்புகிறது. வாங்கும் பக்கத்திலும் இரண்டு ஆன்டெனா. ஒவ்வொன்றும் இரண்டின் கலவையைக் கேட்கிறது. முதலாவது கேட்பது: மூன்று அ-வும் இரண்டு ஆ-வும் சேர்ந்து 16. இரண்டாவது கேட்பது: ஒரு அ-வும் நான்கு ஆ-வும் சேர்ந்து 22. தெரியாதவை இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. தாளில் போட்டால் அ = 2, ஆ = 5. குழம்பிப்போன இரண்டு பேச்சும் தனித்தனியே கிடைத்துவிட்டன.

இப்போது வெட்டவெளி. அனுப்பும் ஆன்டெனாக்கள் தொலைவில் ஒட்டி நிற்கின்றன. அலைகள் ஒரே வழியில் நேராக வருகின்றன. வாங்கும் இரண்டு ஆன்டெனாக்களும் ஏறக்குறைய ஒன்றையேதான் கேட்கும். முதலாவது: 3 அ-வும் 2 ஆ-வும் சேர்ந்து 16. இரண்டாவது: 3.1 அ-வும் 2 ஆ-வும் சேர்ந்து 16.2. இதையும் தீர்க்கலாம், விடை அதே 2, 5. ஆனால் இரைச்சல் புகுந்து 16.2 என்பதை 16.3 என்று கேட்கவைத்தால்? அ = 3, ஆ = 3.5. நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பிழை, விடையில் பாதிக்குப் பாதி பொய்யைக் கொண்டுவந்துவிடும். ஒரே சாட்சியத்தை இரண்டு பேர் ஒப்பித்தால் நீதிபதிக்கு என்ன பயன்? இரண்டு சாட்சிகளும் வேறு வேறு இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

சுவரும் கூரையும் பீரோவும் மரமும் செய்வது அதைத்தான். அலை ஒவ்வொன்றிலும் மோதிச் சிதறி, பல வழிகளில் வந்து சேர்கிறது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். சிதறல் மிகுந்த அறைக்குள் அதில் பாதி தூரம் நகர்ந்தாலே, வந்து சேரும் கலவை வேறாகிவிடும். ஆகவே ஒரு சாண் இடைவெளியில் நிற்கும் இரண்டு ஆன்டெனாக்கள் இரண்டு வேறு சமன்பாடுகளைத் தருகின்றன. தூர்தர்ஷன் காலத்தில் படத்தைக் கெடுத்த அதே தண்ணீர்த் தொட்டி, இங்கே கணக்குக்கு இன்னொரு வரியை எழுதிக் கொடுக்கிறது.

அந்த 3, 2, 1, 4 என்ற எண்களை வாங்கும் கருவி எப்படி அறியும்? முன்னதாகவே இரு தரப்புக்கும் தெரிந்த ஒரு மாதிரிச் சைகையை அனுப்புகிறார்கள். அது எப்படித் திரிந்து வந்தது என்று பார்த்து எண்களைக் கணிக்கிறது கருவி. நீங்கள் நடந்தால் எண்கள் மாறிவிடும். அதனால் ஒரு விநாடிக்குள் பலமுறை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரைச்சலுக்கு நடுவே மதிப்பிடும் வேலை. டெல்லியில் கற்ற பாடம்.

இனி ஷானனின் எண்ணுக்குத் திரும்புவோம். 1,000 மடங்கு வலுவில் ஒரு தடத்தில் 10 பிட் கிடைத்தது. அதே மொத்தச் சக்தியை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு 500 மடங்காக இரண்டு தனித் தடங்களில் அனுப்பினால், ஒவ்வொன்றிலும் சுமார் 9 பிட். மொத்தம் 18. மின்சாரம் கூடவில்லை, அலைவரிசை கூடவில்லை. ஆயிரம் மடங்கு சக்தியால் எட்ட வேண்டியதை, இன்னொரு ஜோடி ஆன்டெனா ஏறக்குறைய எட்டிவிட்டது. மனை அதேதான், மாடி எழும்பிவிட்டது.

1992 பிப்ரவரியில் பால்ராஜும் கைலாத்தும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1994 செப்டம்பரில் கிடைத்தது: அமெரிக்கக் காப்புரிமை எண் 5,345,599. ஒரு வேகமான செய்தியோட்டத்தைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து, இடம் வேறான ஆன்டெனாக்களிலிருந்து ஒரே அலைவரிசையில் அனுப்பி, பல ஆன்டெனாக்களால் பிரித்து வாங்குவது அதன் சாரம். பின்னால் இதற்கு மைமோ என்ற பெயர் நிலைத்தது. பல உள்ளீடு, பல வெளியீடு என்பதன் சுருக்கம்.

இதில் மற்றவர்களுக்குச் சேர வேண்டியதைச் சொல்லாவிட்டால் பாவம். பல ஆன்டெனாத் தடங்களின் கணிதத்தைத் தொட்டவர்கள் 1970-களிலேயே இருந்தார்கள். 1987-ல் பெல் ஆய்வகத்தின் ஜாக் வின்டர்ஸ் அதன் கொள்ளளவைப் பற்றி எழுதினார். 1995-ல் எம்ரே டெலடார் கொள்ளளவுக் கோட்பாட்டை முழுமையாக்கினார். 1996-ல் ஜெரார்ட் ஃபாஷினி அதை எட்டும் வழியைக் காட்டினார். அவருடைய பெல் குழு 1998-ல் சோதனைக் கூடத்தில் ஓட்டியும் காட்டியது. ஸ்டான்ஃபோர்டிலேயே கிரெக் ராலேயும் ஜான் சியோஃபியும் எதிரொலிகளின் கால நீட்சியைச் சமாளிக்கும் வழியைச் சேர்த்தார்கள். ஒரு தேர், பல வடங்கள். அதில் முதலில் கை வைத்தவர்களில் ஒருவர், 'இது நகரும்' என்று உரக்கச் சொன்னவர் பால்ராஜ்.

அலைமாறிய சந்தை

தொடக்கத்தில் தொழில்துறை இதை நம்பவில்லை. இரண்டு ஆன்டெனா என்றால் இரண்டு மடங்கு ரேடியோச் சுற்றுகள். சமன்பாடுகளை நொடியில் பல லட்சம் முறை தீர்க்கும் சிப். அந்தக் கணிப்புத்திறன் அப்போது மலிவில்லை. ஆகவே 1998-ல், 54-ஆம் வயதில், பல்கலைக்கழகத்திலிருந்து விடுப்பெடுத்து பால்ராஜ் தாமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பெயர் அயோஸ்பான் வயர்லெஸ்.

அயோஸ்பானில் மைமோவுக்குத் துணையாக ஒரு உத்தியையும் சேர்த்தார்கள். வேகமாகப் பேசினால் முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழும். பெரிய மண்டபத்தில் மேடைப் பேச்சாளர்கள் நிறுத்தி நிறுத்திப் பேசுவது அதனால்தான். ஒரே ஆள் வேகமாகப் பேசுவதற்குப் பதிலாக, நூற்றுக்கணக்கானோர் வேறு வேறு சுருதியில் மெதுவாகப் பேசினால்? ஒவ்வொரு சொல்லும் நீளமானது. எதிரொலி அடங்கிய பிறகே அடுத்த சொல் தொடங்கும். மொத்த வேகமும் குறையாது. அகன்ற அலைவரிசையைப் பல குறுந்தடங்களாக்கும் இந்த முறைக்கு ஓஎஃப்டிஎம் என்று பெயர். ஒவ்வொரு குறுந்தடத்துக்குள்ளும் மேலே பார்த்த எளிய சமன்பாடு அப்படியே பொருந்தும். மைமோவும் ஓஎஃப்டிஎம்மும் சேர்ந்த அந்த ஜோடிதான் இன்றைய 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

தொழில்நுட்பம் சரியாக இருந்தது. காலம் சரியாக இல்லை. 2000-க்குப் பிறகு தொலைத்தொடர்புத் துறையே சரிந்தது. 2003-ல் அயோஸ்பானின் தொழில்நுட்பத்தை இன்டெல் வாங்கிக்கொண்டது. பால்ராஜ் அடுத்து பீசீம் என்ற சிப் நிறுவனத்தை உருவாக்குவதில் இறங்கினார். வைமேக்ஸ் என்ற தரத்துக்கான சிப்களை அது செய்தது. பெங்களூரிலும் அதற்கு ஆய்வுக் கூடம் இருந்தது. 2010-ல் பிராட்காம் நிறுவனம் அதை ஏறத்தாழ 31.6 கோடி டாலருக்கு வாங்கியது. வைமேக்ஸ் பிழைக்கவில்லை, எல்டிஇ என்ற போட்டித் தரம் உலகைப் பிடித்தது. ஆனால் சண்டையிட்ட இரு தரங்களுக்குள்ளும் மைமோ இருந்தது. குதிரை எது ஜெயித்தாலும் லாடம் ஒன்றுதான்.

வைஃபையில் 2009-ல் வந்த 802.11என் தரம் நான்கு ஓட்டங்கள் வரை அனுமதித்தது. அதற்கு முந்தைய 'ஜி' தரத்தின் உச்சம் விநாடிக்கு 54 மெகாபிட். புதியதன் உச்சம் 600. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி அலைவரிசையை இரட்டிப்பு அகலமாக்கியதால் வந்தது. பெரும்பகுதி நான்கு ஓட்டங்களால். 2010-ல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா, கோபுரத்தில் ஆன்டெனாக்களை நூற்றுக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்டினார். இன்று நம் ஊர் 5ஜி கோபுரங்களில் கதவுப் பலகை மாதிரி நிற்கும் பெட்டிகளில் பலவற்றுக்குள் 64 ஆன்டெனா சுற்றுகள் இருக்கின்றன. தாமதங்களைக் கூட்டி, அசையாமலே திசை திரும்பும் அந்த வித்தை, கப்பலின் அடிவயிற்றில் பார்த்தோமே, அதேதான். அங்கே ஒலி, இங்கே ரேடியோ.

யார் யாருக்குக் கொடுத்தது?

பல்கலைக்கழகக் கொடையாளர் என்றதும் கல்வெட்டில் பெயர் பொறித்த கட்டடம் நினைவுக்கு வரும். பால்ராஜ் விஷயத்தில் கொடைக் கணக்கை வேறு பேரேட்டில் எழுத வேண்டும்.

முதலில் வரவு. முதுகலைக்கு வந்த படை அதிகாரியை முனைவர் ஆய்வுக்கு இழுத்துப் போட ஒரு பேராசிரியர் மெனக்கெட்டார். கோட்பாட்டுக் கணிதம் கற்றுவர ஒரு கடற்படை சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. 47 வயதில் ஓய்வு பெற்று வந்தவருக்கு ஸ்டான்ஃபோர்டில் கைலாத் ஒரு மேசை கொடுத்தார். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும்.

இனி செலவு. கடற்படைக்கு ஒரு சோனார். நாட்டுக்கு மூன்று ஆய்வகங்களில் பங்கு. ஸ்டான்ஃபோர்டுக்கு அந்தக் காப்புரிமை. பல்கலைக்கழகத்தில் பிறந்த கண்டுபிடிப்பு என்பதால் உரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில்தான் இருந்தது. மாணவர்கள் ரோஹித் நாபர், தனஞ்சய் கோர் ஆகியோரோடு அவர் எழுதி 2003-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட நூல், உலகெங்கும் இந்தத் துறையில் நுழைபவர்களுக்கு வாசற்படி ஆனது. நிறுவனம் நடத்திக் கற்றதை வகுப்பறைக்கும், வகுப்பறையில் கண்டதை நிறுவனத்துக்கும் அவர் கொண்டுபோய்க்கொண்டே இருந்தார். பணமாக எழுதப்பட்ட காசோலையைவிட இது பெரிய கொடை என்பது என் கட்சி. கட்டடத்தில் ஒரு துறைதான் நடக்கும். ஒரு துறையையே புதிதாகத் திறந்துவைத்தால் உலகில் எத்தனையோ கட்டடங்களுக்கு வேலை வரும்.

விருதுகள் பிந்தியே வந்தன. 2010-ல் பத்மபூஷண். 2011-ல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கம். 2014-ல் மார்க்கோனி பரிசு. ரேடியோவின் பிதாமகன் பெயரில், எதிரொலியைக் கூட்டாளியாக்கியவருக்கு ஒரு பரிசு. 2018-ல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

உங்கள் அலைபேசியில் குறைந்தது இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. இதைப் படிக்கும் நேரத்திலும் அது அறைச் சுவர்களின் எதிரொலிகளை வைத்துச் சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டிருக்கும். அந்த வேலைக்கு வழி சொன்ன காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளை 2012 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது. அதன்பின் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவின் முதல் 4ஜி சேவை கொல்கத்தாவில் தொடங்கியது 2012 ஏப்ரலில்.